பிரிசில்லாவின் பச்சைப் புள்ளி

எதைக் கையில் கொடுத்தாலும் பிரிசில்லா முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பாள். தட்டென்றால் அடிப்பக்கம், புடவையென்றால் உள்தையல், பண்ருட்டிப் பலாவென்றால் காம்பு. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த எவர்சில்வர் தாம்பாளத்தை, போதகர் ஜெபம் முடித்து ஆமென் சொன்ன கையோடு, விளிம்பைத் தடவிப் பார்த்தவள் அவள். "ஓரம் சரியா மடிக்கல, கைய கிழிக்கும்" என்று வேறு சொல்லிவைத்தாள். கீரப்பாளையத்தில் அவளுடைய சின்ன வீட்டில் கூடியிருந்த இரு வீட்டுச் சனமும் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை அன்பரசு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது.

இப்படிப்பட்டவளுக்குக் கடவுள் பொருத்தமான வேலையைத்தான் கொடுத்திருந்தார். சிதம்பரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில் சேர்ந்தாள். வெளியிலிருந்து வந்து இறங்கும் உதிரி பாகங்களைப் பார்த்து, இது உள்ளே போகலாம், இது திரும்பிப் போகட்டும் என்று பிரிக்கும் வேலை. அங்கே வந்த பழக்கம்தான் கைக்கடிகாரத்தை வலது கையில், முகப்பு உள்பக்கம் இருக்கும்படி கட்டுவது. பொருளின்மேல் கீறல் விழக் கூடாது பாருங்கள்! கல்யாணமாகிக் கடலூருக்கு வந்தபின்பும், அன்பரசு சிப்காட்டில் ஷிப்டுக்குப் போக, தான் மட்டும் சும்மா உட்கார அவளால் முடியவில்லை. சிதம்பரம் சாலையில் ராஜவேல் நடத்தும் டர்போ பட்டறையில் சேர்ந்தாள்.

டர்போ என்றவுடன் பயந்துவிட வேண்டாம். எஞ்சின் கக்கும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு விசிறியும் கூடவே சுழன்று, காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும். காற்று ஜாஸ்தி போனால் வேகம் ஜாஸ்தி. விஷயம் அவ்வளவுதான். அந்தத் தண்டு சுழலுகிற வேகத்தைச் சொன்னால் தலை சுற்றும்; பேரிங்குக்குள் அதைத் தாங்கி நிற்பதோ ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். மேலே ஒரு சிறு துளை வழியாக எண்ணெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் தண்டு வெந்து நீலம் பாரித்துவிடும்.

ராஜவேலின் பட்டறைக்குத் துறைமுகத்து விசைப்படகு எஞ்சின்களும் லாரிகளும்தான் சோறு போட்டன. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற பையன்கள் புதுச்சேரியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வர ஆரம்பித்ததும் பட்டறையின் முகமே மாறியது. கம்பெனி கொடுத்த வேகம் இவர்களுக்குப் போதாது. டர்போ, அதை எஞ்சினோடு இணைக்கும் குழாய்கள், ரப்பர் ஹோஸ், போல்ட்டு, கேஸ்கட்டு எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கிறார்களே, அந்த 'கிட்'டை எங்கிருந்தாவது வாங்கி வந்து, "மாட்டிக் குடுங்கண்ணா" என்று நிற்பார்கள். பளபளவென்று இருக்கும். பளபளப்புக்கு மயங்காதவன் யார்? பிரிசில்லா.

அவள் பெட்டியைப் பிரிப்பதைப் பார்க்கவே பையன்கள் ஸ்டூல் போட்டு உட்காருவார்கள். முதலில் மூடிகள். டர்போவில் எத்தனை துளை உண்டோ அத்தனைக்கும் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்று பார்ப்பாள். "மூடி போடத் தெரியாதவன் உள்ள எதயும் ஒழுங்கா பண்ணியிருக்க மாட்டான்" என்பாள். அப்புறம் தண்டைப் பிடித்து ஆட்டுவாள். விரலால் விசிறியைச் சுண்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள். குழாயின் வெல்டு வெளியே மின்னினால் நம்பமாட்டாள். உள்ளே விரலை விட்டுத் தடவி, உருகி வழிந்த கட்டி ஏதும் நிற்கிறதா என்று பார்ப்பாள், கட்டி நின்றால் அது ஒருநாள் உதிர்ந்து விசிறியைத் தின்றுவிடும். தட்டையாக இருக்க வேண்டிய இரும்பு விளிம்பைக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று கன்னத்தைத் தரையோடு ஒட்டிப் பார்ப்பாள். ரப்பர் ஹோஸின் வெட்டு முகத்தில் எத்தனை அடுக்கு என்று பார்ப்பாள். எல்லாம் சரியென்றால் பச்சைப் பெயிண்ட் பேனாவால் டர்போவின் உடம்பில் ஓர் ஓரமாக ஒரு புள்ளி வைப்பாள். சரியில்லையென்றால் ஒன்றும் சொல்லமாட்டாள், பெட்டியைப் பழையபடி மூடி ஓரமாகத் தள்ளிவிடுவாள். அந்தப் பையன் முகம் வாடுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் புள்ளி கிடையாது.

அந்தப் பச்சைப் புள்ளிக்கு ஊரில் ஒரு மதிப்பு வந்துவிட்டது. "புள்ளி வெச்ச கிட்டா?" என்று கேட்டுத்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் பழைய கிட்டை வாங்கினார்கள். ராஜவேலுக்கு அதில் பெருமை தாங்காது. "எங்க பிரிசிலா பாத்துட்டா ஐஎஸ்ஐ முத்திர மாரி" என்று போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் அளப்பான். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இல்லையென்று சொன்னால் பொய்.

சிதம்பரத்து ராஜ்கமலின் கதை இங்கேதான் வருகிறது. கீழவீதியில் அவன் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. பையனுக்குக் கடையில் கால் தரிக்காது. பெங்களூருவிலிருந்து பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, தக்காளிச் சிவப்பில், அப்பாவிடம் அழுது அடம்பிடித்து வாங்கியிருந்தான். அதற்கு டர்போ போட வேண்டும். மூன்று கிட்டுகளை அவன் அடுத்தடுத்துக் கொண்டுவந்தான், மூன்றையும் பிரிசில்லா மூடித் தள்ளினாள். நான்காவதாகக் கோயம்புத்தூரிலிருந்து ஒன்று வந்தது. செந்தமிழ்செல்வன் என்கிற ஒருவர், மனைவியோடு சேர்ந்து ஒரு சின்ன ஷெட்டில் செய்வது. இந்தப் பக்கம் அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. பெட்டி சாதாரண அட்டைப்பெட்டி.

பிரித்துப் பார்த்த பிரிசில்லாவுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. குழாயின் உள்பக்க வெல்டு, வெளிப்பக்கத்தைவிடச் சுத்தமாக இருந்தது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒருவன் உள்பக்கத்தைச் சுத்தம் செய்கிறான் என்றால் அவன் நல்லவன். இதுதான் அவள் கணக்கு. "யாருண்ணா இந்த ஆளு? தங்கம் மாரி பண்ணியிருக்கார்" என்று ராஜவேலிடம் சொல்லிவிட்டு, கேட்காமலே பச்சைப் புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளியை நம்பி ராஜவேல், இனி நம் பட்டறையில் கோயம்புத்தூர்க் கிட்டுதான் என்று முடிவே செய்துவிட்டான். ராஜ்கமல் அங்கேயே ஒரு குதி குதித்தான்.

மறுநாள் ஆயுத பூஜை. "பூஜையில வெச்சிட்டு மாட்டலாண்ணா" என்றான் ராஜ்கமல். வேண்டாமென்று யார் சொல்லப்போகிறார்கள்?

பட்டறையை அன்று அடையாளமே தெரியாது. தரையெல்லாம் கழுவி, வாசலில் வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கி, லேத்திலிருந்து காற்றடிக்கும் இயந்திரம் வரை சந்தனம் குங்குமம். ராஜவேலின் மைத்துனன் அய்யனார்தான் பட்டறையின் ஃபிட்டர். அவன் பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றினான். பிரிசில்லா ஒவ்வொரு வருஷமும் வருவாள். பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள், கற்பூரம் காட்டும்போது கைகட்டி ஒதுங்கி நிற்பாள். அவளை யாரும் எதற்கும் வற்புறுத்தியதில்லை. அவளும் யார் மனதும் நோகும்படி நடந்ததில்லை.

டர்போவை மணைப்பலகையில் நடுநாயகமாக வைத்திருந்தார்கள். ராஜ்கமல் அதன் சிவப்பு பிளாஸ்டிக் மூடிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தான்.

"எதுக்குடா மூடிய எடுத்த?" என்று பிரிசில்லா பாய்ந்தாள்.

"அக்கா, வீடியோ எடுக்கறேன்க்கா. கல்யாணப் பொண்ணுக்கு ஹெல்மெட் மாட்டுன மாரி இருக்குதுக்கா அது. முடிஞ்சதும் போட்டுடறேன், சத்தியமா." அப்புறம் தான் சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்த ஊதுபத்திக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, கொளுத்தி, அவளிடம் நீட்டினான். "நீங்கதான ஓகே சொன்னீங்க. உங்க கையாலயே ஒண்ணு வெச்சிடுங்கக்கா. ராசியா இருக்கும்."

பையன் கண்ணில் அப்படி ஒரு ஆசை. இத்தனை பேர் பார்க்க, எரிகிற பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எங்கே குத்துவது? மற்றவர்கள் குத்திய வாழைப்பழச் சீப்பு பலகையின் அந்தப் பக்கம் இருந்தது. பழக்கமில்லாத கை. நேர் எதிரே, அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு துளை இருந்தது. செருகினாள். ஜம்மென்று நின்றது. டர்போவின் தலையிலிருந்து புகை சுருண்டு எழும்ப, ராஜ்கமல் "சூப்பர்க்கா, அப்டியே இருங்க" என்று செல்போனோடு சுற்றிச் சுற்றி வந்தான். யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். யாரோ பொரி கேட்டார்கள். அவள் பொட்டலம் கட்டப் போய்விட்டாள்.

பிறகு யாரோ பத்தியைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். ராஜ்கமல் சொன்னபடியே மூடிகளைப் போட்டுவைத்தான். அய்யனார் டர்போவை மாட்டினான். மாட்டுவதற்கு முன்னால் மேல்துளையில் எண்ணெய் ஊற்றித் தண்டைச் சுற்றிவிட வேண்டும், அதையும் செய்தான். எண்ணெய் கொஞ்சம் மெதுவாக இறங்கியது. புது எண்ணெய், கெட்டியாக இருக்கும் என்று விட்டுவிட்டான். வண்டி சும்மா பறந்தது! ராஜ்கமல் அன்றைக்கே போன் போட்டு, "அக்கா, நீங்க தெய்வம்க்கா" என்றான்.

கார்த்திகை மழை விட்ட ஒரு வாரத்தில் வண்டி இழுவை லாரியில் திரும்பி வந்தது.

கடலூரிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. பின்னால் நீலப் புகை. அப்புறம் இழுவையே இல்லை. ராஜ்கமலின் அப்பாவும் கூடவே வந்திருந்தார். அவர் ஒன்றும் திட்டவில்லை. பட்டறையை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் புள்ளி வெச்சீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நாலு அடி அடித்திருக்கலாம்.

பிரிசில்லாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ராஜவேல் பட்டறையின் நடுவில் நின்றபடி கோயம்புத்தூருக்குப் போன் போட்டுக் கத்தினான். "என்னா பேரிங் போடறீங்க நீங்க? எங்க மானம் போவுது. ஒங்க சரக்கு ஒண்ணுகூட இனிமே இந்த ஜில்லாவுல எறங்காது, பாத்துக்குங்க!" அந்தப் பக்கம் செந்தமிழ்செல்வன் என்ன சொன்னாரோ, குரல் கேட்கவே இல்லை. ராஜவேல் போனை வைத்துவிட்டு, "பெட்டியோட திருப்பி அனுப்பிடு. மட்டமான சரக்குன்னு நம்ம வாட்ஸ்அப் குரூப்புல போட்டுடு. நீயே குரல்ல சொல்லு, அப்பதான் நம்புவானுங்க" என்றான்.

"பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றண்ணா."

"பிரிக்கறதுக்கு என்னா இருக்குது? அதான் போச்சே."

"பிரிக்காம நான் எதயும் சொன்னதில்லண்ணா. இப்ப மட்டும் சொல்லணுமா?"

ராஜவேல் முறைத்தான். ஆனால் அவளிடம் வாதாடி அவன் ஜெயித்ததில்லை. என்னமோ பண்ணித் தொலை என்பதுபோலக் கையை வீசிவிட்டு வெளியே போனான்.

அன்றிரவு வீட்டில் அன்பரசு மீன்குழம்பை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டான். "ஒரு டர்போ போனா என்னா ப்ரிசி? ஒலகத்துல எல்லாமும்தான் போவுது."

"என் கண்ணு போச்சுங்க" என்றாள் அவள். "நல்லதுன்னு நான் சொன்னது நல்லது இல்லன்னா, நான் எதுக்கு?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பையும் மறந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கிண்டல் செய்ய அவனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

காலையில் அவள் டர்போவைப் பிரித்தாள். அய்யனார் ஓர் எஞ்சினோடு துறைமுகத்துக்குப் போயிருந்தான். ராஜவேல் வெளியே வாசலில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். உள்ளே அவளைத் தவிர யாருமில்லை.

தண்டை உருவினாள். நீலம் பாரித்திருந்தது. எண்ணெய் இல்லாமல் வெந்திருக்கிறது. ஆனால் பேரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தால், அது சுத்தமான உலோகம். பொடிந்த மாதிரி இல்லை, வெந்த மாதிரிதான் இருந்தது. பேரிங்மேல் குற்றமில்லை. அப்படியானால் எண்ணெய் ஏன் வரவில்லை? மேல்துளைக்கு டார்ச் அடித்தாள். துளை கீழே போகப் போகக் குறுகும், அந்த இடுக்கில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. கரியாக இருக்கும் என்று நினைத்து ஊசிமூக்குக் குறடால் பிடித்து இழுத்தாள். வர மறுத்தது. எண்ணெயில் ஊறிப் பருத்துப்போய் இறுகியிருந்தது. மெதுவாகத் திருகி இழுத்தாள், வந்தது.

மூங்கில் குச்சி. ஒரு பக்கம் முறிந்த துண்டு. எண்ணெயில் கறுத்திருந்தாலும், துடைத்ததும் அடியில் ரோஸ் சாயம் தெரிந்தது.

ஐயோ ஆண்டவரே!

அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அந்த ரோஸ் சாயம், சுருண்டு எழுந்த புகை, ஜம்மென்று நின்ற பத்தி, எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் வந்து நின்றன. அவள் கை. அவளுடைய கைதான். துளைக்கு மூடியில்லாவிட்டால் உலகத்தையே திட்டுகிறவள், தன் கையாலேயே எண்ணெய்த் துளையில் ஊதுபத்தி குத்தியிருக்கிறாள். அதைப் பிடுங்கியவன் முறித்து அடியை உள்ளேயே விட்டிருக்கிறான், அவனுக்கென்ன தெரியும்? முழுசாக அடைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் கசிந்தபடி ஓடியிருக்கிறது, குச்சி ஊறிப் பருக்கப் பருக்க அதுவும் நின்றுபோயிருக்கிறது.

காலடியில் குப்பைக் கூடை. எண்ணெய்த் துணிகளோடு துணியாக அந்தக் குச்சியைப் போட்டால் முடிந்தது கதை. பேரிங் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் எதிர்பார்ப்பதும் அதைத்தான். அவள் பெயர் கொஞ்சம் அடிபடும். 'ஒரு தடவ ஏமாந்துட்டாங்க பாவம்' என்பார்கள். ஊதுபத்தி குத்தினாள் என்று சிரிப்பதைவிட அது எவ்வளவோ தேவலை. அதுவுமில்லாமல், ஒரு வேதக்காரி பூஜை பத்தியால் டர்போ கெட்டது என்று வாய்திறந்தால் அதை யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? சபையில்தான் என்ன சொல்வார்கள்? பத்தி ஏற்றினாயா என்றுதானே முதலில் கேட்பார்கள்? குறடின் நுனியில் குச்சியைப் பிடித்தபடி அவள் நின்றாள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டதுபோல இருந்தது. பயமும் வெட்கமும் மாறி மாறி வந்தன.

மேசைமேல் அந்தக் குழாய் கிடந்தது. உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுத்தமான வெல்டு. பார்க்காதவர்களுக்காகவும் ஒருவன் சுத்தம் செய்த உள்பக்கம். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள்.

ராஜவேல் வந்து குச்சியைப் பார்த்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"யாரு வேல இது? அய்யனாரா? வரட்டும் அவன்..."

"அய்யனாரு இல்லண்ணா. நான்தான். பூஜையன்னைக்கு நான்தான் குத்துனேன்."

அவன் நம்பவில்லை. "நீயா? போ பிரிசிலா, வெளயாடாத. மச்சான காப்பாத்தறியா?"

சாட்சிக்கு வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மத்தியானம் ராஜ்கமல் வந்தான். குச்சியைப் பார்த்ததும் பையன் முகம் பேயறைந்த மாதிரி ஆகி, செல்போனை எடுத்து, தான் அன்றைக்குப் போட்ட ரீல்ஸைத் திறந்து காட்டினான். டர்போவின் தலையிலிருந்து மெதுவாக, அழகாகப் புகை சுருள்கிறது. பின்னணியில் டமாரமும் விசிலும். லட்சக்கணக்கில் பேர் பார்த்து நெருப்பும் கும்பிடுமாக எமோஜி போட்டிருக்கிறார்கள். பத்தியைச் செருகும் கையில், முகப்பு உள்பக்கமாகத் திரும்பிய கடிகாரம்.

 ராஜவேல் "ஹூம்" என்று ஒரு மாதிரி மூச்சுவிட்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பார்த்தால் சிரிக்கிறான். துறைமுகத்திலிருந்து திரும்பி வந்த அய்யனார், விஷயம் கேட்டுத் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, என்ன சந்தேகப்பட்டீங்கல்ல, இப்ப பாத்தீங்களா!" பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. 

சிரித்து ஓய்ந்ததும் ராஜவேல் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "சரி. நமக்குள்ள இருக்கட்டும். அந்த ரீல்ஸ அழிச்சுடு தம்பி. உங்கப்பாகிட்ட எண்ணெ சரியில்லன்னு சொல்லிடலாம். கோயம்புத்தூர்காரன்கிட்ட நான் எதாவது சொல்லிச் சமாளிக்கறேன். உன் புள்ளி பேரு கெட வேணாம் பிரிசிலா, அதாம்மா முக்கியம்."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவருக்குப் போன் போடுங்கண்ணா. நான் பேசறேன். ஸ்பீக்கர்ல போடுங்க."

மணி அடித்ததும் எடுத்துவிட்டார் செந்தமிழ்செல்வன். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தவர்போல. குரல் கரகரத்திருந்தது. "சொல்லுங்க மேடம். பேரிங்கைப் பாத்தீங்களா? நானும் என்ற வூட்டுக்காரியும் நேத்து ராத்திரி பூராத் தூங்கலீங்க. அந்தச் செட்டுல செஞ்சதுல அனுப்பாம இருந்த எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டோமுங்க. ஒண்ணுலயும் தப்புக் கண்டுபிடிக்க முடியல. எங்க தப்பு விட்டோம்னே தெரியலீங்க மேடம். தெரியாம இனி எப்படிங்க செய்யறது? ஷெட்டைப் பூட்டிடலாம்னு பேசிட்டு இருக்கறோமுங்க."

ராஜவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க தப்பு எதுவும் இல்லைங்க" என்றாள் பிரிசில்லா.  "உங்க சரக்குல ஒரு கொறையும் இல்ல. எண்ணெத் தொளையில ஊதுவத்திக் குச்சி முறிஞ்சு அடைச்சிருக்குது. பூஜையில குத்துனது. குத்துனது நான். செக் பண்ணி ஓகே சொன்ன அதே கை. என்ன மன்னிச்சுடுங்க சார்."

 அந்தப் பக்கம் அவர் மனைவியைக் கூப்பிடுவது கேட்டது. "ஏனுங் கண்ணு, இங்க வா. நம்முதுல தப்பில்லையாம். தப்பில்லையாமா!" கூடவே ஒரு பெண் அழுகிற சத்தம். அவர் போனுக்குத் திரும்பி வந்து, "ரொம்ப நன்றிங்க மேடம்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பிரிசில்லா தாங்கியிருப்பாள். நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

குரூப்பில் அவள் தன் குரலிலேயே சொன்னாள். கோயம்புத்தூர்க் கிட்டு நல்ல கிட்டு, கெடுத்தது நான், இப்படித்தான் கெடுத்தேன் என்று ஒளிக்காமல் சொன்னாள். அதோடு கடலூர் முதல் சிதம்பரம் வரை கார் வைத்திருக்கிற பயல்களெல்லாம் அவளை 'ஊதுவத்தி அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில்கூட ஒருவன் கேட்டான், "யக்கா, சாம்பிராணி போட்டா மைலேஜ் கெடைக்குமா?" சபையில் போதகர் கேட்டார், நடந்ததைச் சொன்னாள், அவருமே சிரித்துவிட்டார். இதெல்லாம் பழகிப்போனது. பழகாதது ஒன்றுதான். பச்சைப் பேனாவை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. வருகிற சரக்கையெல்லாம் முன்னைவிட உன்னிப்பாகப் பார்த்தாள், நல்லது கெட்டதை வாயால் சொன்னாள். புள்ளி மட்டும் வைக்கவில்லை. பேனா மேசை இழுப்பறையில் காய்ந்துகொண்டிருந்தது. ராஜவேல் ஒருதரம் கேட்டான், இருதரம் கேட்டான், விட்டுவிட்டான்.

பொங்கல் முடிந்து கோயம்புத்தூரிலிருந்து ராஜ்கமலுக்குப் புது டர்போ வந்தது. அதே அட்டைப்பெட்டி. பையன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பிரிசில்லா பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் பார்த்தாள். ஆட்டினாள், சுண்டினாள், காது கொடுத்துக் கேட்டாள், உள்ளே விரல் விட்டுத் தடவினாள்.

"நல்லா இருக்குது. மாட்டிக்கலாம்" என்று எழுந்தாள்.

ராஜ்கமல் நகரவில்லை. "புள்ளி எங்கக்கா?"

"அதெல்லாம் வேணாம்டா. நல்லாதான் இருக்குது, எடுத்துட்டுப் போ."

"புள்ளி வெக்காம மாட்ட மாட்டேன்க்கா."

"அன்னைக்கு வெச்ச புள்ளி என்னா ஆச்சுன்னு தெரியும்ல?"

அதற்குப் பதில் சொன்னது அவன் அப்பா. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே நிதானமான குரல். "புள்ளி சரியாத்தானம்மா இருந்துது? சரக்கு நல்ல சரக்குதான? தப்பு பண்ணது யாருன்னு நாங்க யாரும் கண்டுபிடிக்கல, நீங்கதான் சொன்னீங்க. எங்க கடையில ஓட்ட விழுந்த துணிய மடிச்சுக் குடுத்துட்டு, வாங்குனவர தேடிப் போயி மாத்திக் குடுக்கற ஆளு ஒருத்தர் இருந்தா அவரத்தான் நான் கல்லாவுல ஒக்கார வெப்பேன். வெய்யிங்கம்மா."

 பிரிசில்லா மறுபடி உட்கார்ந்து டர்போவைத் திருப்பினாள். மேல்துளை மூடி மாறியிருப்பதை அவள் முதலிலேயே பார்த்திருந்தாள். பழைய பிளாஸ்டிக் மூடி இல்லை. செந்தமிழ்செல்வன் பித்தளையில் திருகு மூடி கடைந்து போட்டிருந்தார், கையால் பிடுங்க முடியாதபடி. மூடியின் தலையில் பொடிசாக ஏதோ வெட்டியிருந்ததை இப்போதுதான் கவனித்தாள். ராஜவேல் குனிந்து பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தான். ஓர் ஊதுபத்தி, அதன் குறுக்கே ஒரு கோடு.

அவளுக்கும் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்யனாரு, சாமி படத்துக்குக் கீழ இருக்குற கட்டுலேர்ந்து ஒரு ஊதுவத்தி குடு" என்றாள். "கொளுத்தாத, சும்மா குடு."

எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அவள் பத்தியின் அடியைப் பித்தளை மூடிமேல் வைத்து, அன்றைக்குக் குத்திய அதே கையால் பலமாக அழுத்தினாள். குச்சி வளைந்து பட்டென்று முறிந்தது. மூடி அசையவே இல்லை.

முறிந்த துண்டுகள் இரண்டையும் பொறுக்கி மேசைமேல் சேர்த்துவைத்து, ஒரு துணுக்கும் குறையவில்லை என்று சரிபார்த்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து பச்சைப் பேனாவை எடுத்தாள்.